‘பெட்டி போயிடுச்சு’ என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்! பழைய பிக்கப் வண்டியில் பாடி கன்ட்ரோல் மாட்யூல் மாற்றும் முன்...

“என்னிடம் இருப்பது பத்து வருடத்துக்கு மேல் ஓடிய பிக்கப் வண்டி. தக்காளி, கத்திரி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறேன். மழை பெய்தால் வைப்பர் தானாக ஓடுகிறது. இண்டிகேட்டர் போட்டால் ரூம் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. சில நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்லைட் அணைந்துவிடுகிறது. ஒர்க் ஷாப்பில் காட்டியதற்கு, ‘பாடி கன்ட்ரோல் மாட்யூல் போயிடுச்சு, மாத்தணும்’ என்கிறார்கள். புதிது வாங்கக் கட்டுப்படி ஆகவில்லை. வண்டி உடைக்கும் இடத்தில் பழையது வாங்கிப் போடலாமா?”

வாசகர் ஒருவரின் கேள்வி இது. ‘போடலாம்’, ‘வேண்டாம்’ என்று ஒற்றை வார்த்தையில் முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் கேள்வி-பதில் பகுதியிலிருந்து எடுத்துத் தனிக் கட்டுரையாகத் தருகிறோம். நடுராத்திரி 2 மணிக்கு லோடு வண்டி விளக்கு அணைந்து நெடுஞ்சாலையில் நின்றால், நஷ்டம் தக்காளியோடு போகாது. பின்னால் வருகிற லாரிக்கு அந்த வண்டி நிற்பதே தெரியாது. தவிர, 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டியாக வேண்டும். ஹெட்லைட்டும் வைப்பரும் இஷ்டத்துக்கு வேலை செய்யும் வண்டியை எந்த அதிகாரியும் பாஸ் பண்ண மாட்டார்.

முதலில் இந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். பழைய வண்டிகளில் ஹெட்லைட் சுவிட்சைப் போட்டால், அந்தச் சுவிட்ச் வழியாகவோ ஒரு ரிலே வழியாகவோ பேட்டரி கரன்ட் நேராகப் பல்புக்குப் போகும். பாடி கன்ட்ரோல் மாட்யூல் உள்ள வண்டியில் அப்படி இல்லை. சுவிட்ச் வெறும் தகவல்தான் சொல்கிறது. அந்தத் தகவலை வாங்கிக்கொண்டு, ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், ரூம் லைட், கதவு லாக் எல்லாவற்றுக்கும் கரன்ட் அனுப்புவது இந்தப் பெட்டி. கிணற்று மேட்டில் நின்று பட்டனை அமுக்கி மோட்டார் போட்டதற்கும், வீட்டில் உட்கார்ந்து செல்போனில் மோட்டார் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இன்ஜினை ஓட்டும் இ.சி.எம். வேறு, இது வேறு. இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய வயர்கள் வழியாகப் பேசிக்கொள்ளும். சில வண்டிகளில் சாவியை அடையாளம் கண்டுபிடித்து, ‘இவர் நம்ம ஆள்தான், ஸ்டார்ட் ஆகட்டும்’ என்று இன்ஜினுக்கு அனுமதி கொடுக்கும் பொறுப்பும் இந்தப் பெட்டியிடம் இருக்கும். பின்னால் வரப்போகிற சிக்கலுக்குக் காரணமே அதுதான்.

பழைய சிறிய லோடு வண்டிகள் பலவற்றில் இந்தப் பெட்டியே கிடையாது. ஃப்ளாஷர், ரிலே, ஃபியூஸ், அவ்வளவுதான். ஃபியூஸ் பாக்ஸைக் காட்டி, ‘இதுதான் சார் மாட்யூல்’ என்று சொல்பவர்களும் உண்டு. ஆகவே உங்கள் மாடலில் அது இருக்கிறதா, எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில், ஸ்டீயரிங் பக்கமோ இடது காலடிப் பக்கமோ இருக்கும். சில மாடல்களில் ஃபியூஸ் பாக்ஸோடு ஒட்டியே வரும்.

பெட்டியைக் கழற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல சாமான்கள் ஒரே நேரத்தில் கிறுக்குத்தனம் செய்தால், மெக்கானிக்குக்கு முதலில் மாட்யூல் மேல்தான் சந்தேகம் வருகிறது. அது நியாயமான சந்தேகம்தான். ஆனால், அந்தச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் எர்த். பல்புக்குப் போன கரன்ட், வண்டியின் தகரத்தில் இறுக்கப்பட்ட எர்த் போல்ட் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த போல்ட் துருப்பிடித்தால் கரன்ட் வேறு வழி தேடும். இண்டிகேட்டருக்குப் போன கரன்ட், ரூம் லைட் வயரில் புகுந்து வெளியேறப் பார்க்கும். இண்டிகேட்டர் போட்டால் ரூம் லைட் மினுக்குகிறது என்று வாசகர் எழுதியிருக்கிறாரே, அதைப் படித்ததும் எனக்கு எர்த் மேல்தான் சந்தேகம் வந்தது.

இதைச் சோதிக்க 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லேம்ப் போதாது. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். மாட்யூலுக்குள் போகும் மெல்லிய தகவல் வயர்களில் டெஸ்ட் லேம்பைக் குத்துவதும் ஆபத்து. அதுவே பெட்டியைக் கெடுத்துவிடும்.

சோதனை சுலபம்தான். ஹெட்லைட், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் டெர்மினலிலும், இன்னொரு முனையை மாட்யூலின் எர்த் வயரிலும் வையுங்கள். மீட்டர் 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5 வோல்ட், 1 வோல்ட் என்று காட்டினால் வழியில் எங்கோ அடைப்பு. ‘நாங்க பீப் சத்தம் வெச்சு செக் பண்ணிட்டோம், எர்த் நல்லாதான் இருக்கு’ என்று சொல்வார்கள். பீப் சோதனை லோடு இல்லாமல் செய்வது. பத்துப் புரி வயரில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். சொட்டு நீர்க் குழாயில் பாசி அடைத்திருந்தால், வால்வை மூடி வைத்திருக்கும்வரை பிரஷர் மீட்டர் முழுசாகக் காட்டும். வால்வைத் திறந்தால்தான் கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகவில்லை என்பது தெரியும். எர்த்தும் அப்படித்தான். லோடு கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும்.

பாசிட்டிவ் பக்கத்தையும் இதேபோலப் பார்க்க வேண்டும். மாட்யூலுக்கு ஒரே ஃபியூஸ் வழியாகக் கரன்ட் வருவதில்லை. மூன்று, நான்கு ஃபியூஸ் வழியாக வரும். அதில் ஒன்று போனால் பெட்டி பாதி உயிரோடும் பாதி செத்தும் நடிக்கும். பேட்டரி, இன்ஜின் ஓடாமல் சற்று நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 15-க்கு மேல் போகிறது என்றால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் புதுப் பெட்டி போட்டால் அதுவும் போய்விடும்.

எர்த் போல்ட்டில் கோளாறு என்று தெரிந்தால் வேலை அரை மணி நேரம்தான். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, போல்ட்டைக் கழற்றி, தகரம் பளபளக்கும்வரை எமரி பேப்பரால் தேய்த்து, வயர் நுனியில் உள்ள லக்கையும் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். அடியில் தடவக் கூடாது.

தண்ணீர், எலி, உர மூட்டை

விவசாயி வண்டிக்கு ஊர்க் காரைவிட எதிரிகள் அதிகம். முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்தால், மழைத் தண்ணீர் ஓரத் தூண் வழியாக இறங்கி நேராக டேஷ்போர்டுக்கு அடியில்தான் வந்து சேரும். வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்துகிறீர்களா? பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள தண்ணீர் வடியும் துளையில் சருகு அடைத்து, தண்ணீர் கேபினுக்குள் வழியும். மழை நாளில் மட்டும் கோளாறு என்றால் மிதியடியைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மாட்யூலின் கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சையாகப் பூத்திருக்கும். அதற்கென்று விற்கும் எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, நன்றாகக் காயவிட்டுப் போட்டாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவாதீர்கள்.

கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால் பொட்டாஷ், யூரியா மூட்டை வைத்து ஏற்றுவது பலருக்குப் பழக்கம். யூரியா காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பு. கடற்கரைக் காற்றைப் போலவே இரும்பையும் செம்பையும் அரிக்கும். சிந்திய உரத்தைக் கூட்டி எடுக்காமல் விட்டால் தரையில் உள்ள எர்த் போல்ட்டும் கப்ளரும்தான் முதலில் அடி வாங்கும். எலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். களத்து மேட்டில், வைக்கோல் போர் பக்கத்தில் வண்டி நின்றால் டேஷ்போர்டுக்குள் கூடு கட்டிவிடும். இரண்டு வயரின் தோலைக் கடித்து, ஒன்றோடு ஒன்று உரச விட்டால், மெக்கானிக் கண்ணுக்கு அது மாட்யூல் கோளாறாகத்தான் தெரியும்.

நாமே செய்துகொள்ளும் கெடுதலும் இருக்கிறது. 55/60 வாட் ஹெட்லைட் பல்புக்குப் பதில் 90/100 வாட் போடுவது அதில் முக்கியம். ஹை பீமில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 17 ஆம்பியர் போகும். மாட்யூலுக்குள் அந்த வழிக்குப் பொறுப்பான சிறிய ரிலேவோ டிரான்ஸிஸ்டரோ தாங்காது. ஏர் ஹாரனையும் எல்.இ.டி. பட்டை விளக்கையும் தனி ரிலே, தனி ஃபியூஸ் இல்லாமல் இருக்கிற வயரிலேயே முறுக்கிவிடுவதும் அப்படித்தான். லோடு பாடிக்கு ஆங்கிள் வைத்து வெல்டிங் அடிக்கும்போது பேட்டரியைக் கழற்றாமல் விடுவது, 24 வோல்ட் லாரி பேட்டரியில் இருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்வது, இவை இரண்டும் ஒரே நொடியில் பெட்டியைக் கொன்றுவிடும்.

இடையில் ஒரு விஷயம். இண்டிகேட்டரில் சாதா பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டதும் ‘டக்கு டக்கு’ என்று வேகமாக அடித்தால் மாட்யூல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எல்.இ.டி. குறைவாகக் கரன்ட் எடுப்பதால், பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று பெட்டி நினைத்துக்கொண்டு வேகமாக மினுக்குகிறது. பழைய 21 வாட் பல்பைப் போட்டால் சரியாகிவிடும்.

பெட்டிதான் போயிருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

வண்டிக்கு ஏற்ற ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் போய்ப் பக்கத்திலேயே நில்லுங்கள். ஸ்டீயரிங்குக்கு அடியில் 16 பின் உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டுவார். ஃபால்ட் கோடுகளை அழிக்கும் முன் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ‘யு 0140’ என்று வந்தால், பாடி கன்ட்ரோல் மாட்யூலோடு பேச முடியவில்லை என்று மற்ற பெட்டிகள் புகார் சொல்வதாக அர்த்தம். பேச முடியாததற்கு அறுந்த வயரும் காரணமாக இருக்கலாம். எனவே கோடு வந்த உடனே தீர்ப்பு எழுதக் கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த 16 பின் சாக்கெட்டில் 6-ம் பின்னுக்கும் 14-ம் பின்னுக்கும் நடுவில் ஓம் அளந்து பார்க்கலாம். பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு வயரும் ஒன்றையொன்று தொடுகின்றன.

மாட்யூலோடு ஸ்கேனர் பேசுகிறது என்றால் இன்னும் இரண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். நீங்கள் ஹெட்லைட் சுவிட்சைப் போடும்போது ஸ்கேனர் திரையில் ‘ஆன்’ என்று மாறுகிறதா? மாறவில்லை என்றால் குற்றவாளி ஸ்டீயரிங்கில் உள்ள காம்பினேஷன் சுவிட்சாகவோ, அதன் வயராகவோ இருக்கலாம். மாறுகிறது என்றால், ஸ்கேனரில் இருந்தே ஹெட்லைட்டை எரியச் சொல்லிக் கட்டளை கொடுக்கலாம். கட்டளை போகிறது, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, எர்த் நன்றாக இருக்கிறது, ஆனால் மாட்யூலின் வெளி வயரில் வோல்ட் வரவில்லை என்றால், அப்போதுதான் பெட்டி போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளலாம். இதைச் செய்து காட்டாமல் ‘மாத்திப் பார்ப்போம்’ என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். அவர் மாற்றிப் பார்ப்பது உங்கள் காசில்.

பழையது வாங்கலாமா?

கேள்விக்கு வருகிறேன். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் உடைத்த வண்டிகளின் சாமான் கிடைக்கும். கதவு, கண்ணாடி, ஸ்டார்ட்டர் மோட்டார் என்றால் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கி மாட்டிவிடலாம். மாட்யூல் அப்படி இல்லை. அதன் மெமரியில் அது பிறந்த வண்டியின் சேஸிஸ் எண், அந்த மாடலில் என்னென்ன வசதி இருக்கிறது என்ற விவரம், சில வண்டிகளில் சாவியின் அடையாளம், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் பதிந்திருக்கும். அதை அப்படியே உங்கள் வண்டியில் மாட்டினால், விளக்கெல்லாம் எரியும், வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது. டேஷ்போர்டில் சாவி படம் மினுக்கிக்கொண்டே இருக்கும். சில கம்பெனி மாட்யூல்களில் சேஸிஸ் எண்ணை ஒரு தடவைதான் எழுத முடியும். அப்படிப்பட்ட பழைய பெட்டி விலை மலிவாகக் கிடைத்தாலும் ஸ்கேனரால் அதை உங்கள் வண்டிக்குப் பழக்க முடியாது.

சாவி வேலையைச் சேர்த்துச் செய்யாத பெட்டி என்றால் பழையதே போதும். இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்க வேண்டும். கப்ளர் பொருந்துகிறது என்பதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. சென்ட்ரல் லாக் உள்ள மாடலின் பெட்டியும் இல்லாத மாடலின் பெட்டியும் வெளியில் ஒரே மாதிரி இருக்கும். அடுத்தது, மூடியின் ஓரத்தையும் பின்களையும் பாருங்கள். சேற்றுக் கோடோ, பச்சைப் பூப்போ தெரிந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் இருந்து வந்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்தில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்பது நமக்கே தெரியும். தண்ணீர் குடித்த போர்டு இன்று வேலை செய்யும். ஆறு மாதத்தில் அரித்து நின்றுவிடும்.

சாவியோடு சேர்ந்த பெட்டி என்றால் என் யோசனை, வாங்குவதற்கு முன் உங்கள் பழைய பெட்டியையே ரிப்பேர் செய்ய முடியுமா என்று பாருங்கள் என்பதுதான். எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் செய்பவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். போர்டில் பெரும்பாலும் போவது ஹெட்லைட், வைப்பர் ரிலேக்கள், அவற்றின் கால்களில் வெடித்த சால்டரிங், தண்ணீர் அரித்த தடம். இவை சரி செய்யக்கூடியவை. மெமரி சிப்பில் கை வைக்காததால் சாவிப் பிரச்னையே வராது. போர்டு கருகியே போயிருந்தாலும், எட்டுக் கால் உள்ள சிறிய மெமரி சிப் பிழைத்திருந்தால், அதில் உள்ள விவரத்தை அதே பார்ட் நம்பர் உள்ள வேறு போர்டுக்கு மாற்றித் தருவார்கள். அப்போது ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பார்கள். கொடுங்கள். கேட்காமலே செய்து தருகிற கடை, திருட்டு வண்டிக்கும் அதைச் செய்து தரும்.

புதிதுதான் ஒரே வழி என்றால், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ஆர்டர் போடுங்கள். கொட்டேஷனில் பெட்டியின் விலையை மட்டும் பார்க்காமல், புரோகிராமிங்குக்குத் தனியாக எவ்வளவு, சாவி பதிய எவ்வளவு, வாரன்ட்டி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். எலக்ட்ரிக்கல் சாமானை விற்ற பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளாத இடங்கள்தான் அதிகம்.

மாற்றும் நாளில்

வண்டியை விடும்போது இரண்டு சாவியையும் கொடுங்கள். பல வண்டிகளில், பதியும் நேரத்தில் கையில் இல்லாத சாவி அதற்குப் பிறகு செல்லாச் சாவி. பழைய பெட்டி உயிரோடு பேசுகிறது என்றால், அதைக் கழற்றும் முன் அதில் உள்ள விவரங்களை ஸ்கேனரில் சேமித்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால் மாற்றுவதில் பாதிச் சிரமம் குறையும். கப்ளர்கள் இருந்த நிலையில் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் முதலில் மைனஸைக் கழற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்ட பிறகுதான் கப்ளரில் கை வைக்க வேண்டும். பூட்டைத் தளர்த்தி கப்ளரைப் பிடித்து இழுக்க வேண்டுமே தவிர, வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. புதுப் பெட்டியைத் தொடும் முன் வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்வது நல்லது.

புரோகிராமிங் நடக்கும்போது பேட்டரி வோல்ட் இறங்கவே கூடாது. பாதியில் கரன்ட் குறைந்தால் எழுதிக்கொண்டிருந்த விவரம் அரைகுறையாக நின்று, புதுப் பெட்டியே கல்லாகிவிடும். நம் ஊரில் எப்போது கரன்ட் போகும் என்று சொல்ல முடியாததால், சார்ஜரை மட்டும் நம்பாமல், நல்ல சார்ஜில் உள்ள இன்னொரு 12 வோல்ட் பேட்டரியை பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸாக இணைத்து வைக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட், மின்விசிறி, பாட்டுப் பெட்டி எல்லாம் அணைந்திருக்கட்டும்.

முடிந்த பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டும் பாருங்கள். இரண்டு சாவியாலும் ஸ்டார்ட் செய்யுங்கள். ராத்திரி பேட்டரி இறங்குகிறதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. எல்லாக் கதவையும் மூடி, வண்டி அரை மணி நேரம் தூங்கிய பிறகு, பேட்டரி மைனஸ் வயரில் மீட்டரைத் தொடராக வைத்து ஆம்பியர் அளப்பார்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. அரை ஆம்பியர் ஓடினால் 60 ஆம்பியர்-அவர் பேட்டரி ஐந்தே நாளில் காலி. மீட்டர் அப்படி இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

பெட்டி வந்து சேரும்வரை லோடு ஓட்ட வேண்டியிருக்கிறது, ஹெட்லைட்டை மட்டும் ‘டைரக்ட்’ கொடுத்துவிடலாமா என்றும் பலர் கேட்பதுண்டு. ஃபியூஸ் உள்ள தனி வயர், தனி ரிலே வைத்து, வீடு வந்து சேரும் அளவுக்குச் செய்யலாம். பேட்டரியில் இருந்து ஃபியூஸ் இல்லாமல் வயர் இழுத்தால், எங்காவது தகரத்தில் உரசித் தீப்பிடிக்கும். பிரேக் லைட்டையும் இண்டிகேட்டரையும் டைரக்ட் கொடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஓட்டுவது கூடாது.

வாசகருக்கு: உங்கள் வண்டி மழையில்தான் அதிகம் கெடுகிறது என்பதால், முதலில் கண்ணாடி ரப்பர், பிறகு எர்த் போல்ட், பிறகு மாட்யூல் கப்ளர், இந்த வரிசையில் பாருங்கள். அதன் பிறகும் கோளாறு நின்றால், சொன்ன ஸ்கேனர் சோதனைக்குப் போங்கள். பெட்டியை மாற்ற நேர்ந்தாலும் பழையதைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் வண்டியின் விவரம் அதில்தான் இருக்கிறது. ஈரம் படாமல் பாலிதீன் பையில் போட்டு, ஆர்.சி. நகல் வைத்திருக்கும் பீரோவிலேயே வையுங்கள்.